மைனர் பங்குதாரர்கள்

போன மே மாதம் வல்லூரில் அக்கா வீட்டில் நாலு நாள் இருந்தோம்.

வல்லூர் எங்கே இருக்கிறது என்று அடையாறு, மயிலாப்பூர்க்காரர்கள் கேட்பார்கள். கும்மிடிப்பூண்டி போகிற மின்சார ரயிலில் எண்ணூர் தாண்டி, அத்திப்பட்டு புதுநகரில் இறங்கி, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போனால் வரும். அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி தெரிந்தால் ஊர் வந்துவிட்டது என்று அர்த்தம்.

என் மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு எந்தக் காலேஜ், என்ன கோர்ஸ் என்று குழம்பிக்கொண்டிருந்த நேரம். "அப்பா, இந்த எபிசோட் மட்டும் பாரு. இதுலயும் ஒரு அப்பா பொண்ணைக் கூட்டிக்கிட்டு காலேஜ் காலேஜா சுத்தறாரு" என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

'தி சொப்ரானோஸ்'. அமெரிக்காவின் நியூஜெர்சியில் மாஃபியா கும்பல் நடத்தும் டோனி சொப்ரானோ என்பவரின் குடும்பக் கதை. 1999-ல் ஹெச்.பி.ஓ. சேனலில் தொடங்கியது. மகள் காட்டியது அதன் ஐந்தாவது எபிசோட். தலைப்பே 'காலேஜ்'தான்.

கதை இதுதான். டோனி தன் மகள் மெடோவை காரில் கூட்டிக்கொண்டு மெய்ன் மாநிலத்தில் காலேஜ் பார்க்கப் போகிறார். வழியில் மகள் சாதாரணமாக, இன்றைக்கு என்ன டிபன் என்பது மாதிரி கேட்கிறாள்: 'அப்பா, நீ மாஃபியாவில் இருக்கியா?'

டோனி முதலில் கோபப்படுகிறார். குப்பை அள்ளுகிற கான்ட்ராக்ட் எடுக்கிறவன் நான், இத்தாலிக்காரன் என்றாலே மாஃபியாவா என்கிறார். (வடசென்னைக்காரன் என்றாலே இடுப்பில் கத்தியா என்று நாம் கேட்பதில்லையா, அதே மாதிரி!) கொஞ்ச தூரம் போனதும் மனசு மாறி, பணத்தில் ஒரு பகுதி சூதாட்டம் அது இது என்று வருகிறது என ஒப்புக்கொள்கிறார். மகள் சந்தோஷப்படுகிறாள். அப்பா உண்மை பேசிவிட்டார். பதிலுக்கு அவளும் தன் ரகசியம் ஒன்றைச் சொல்கிறாள். பரீட்சைக்குக் கண் விழிக்க மாத்திரை போட்ட கதை.

அப்புறம் ஒரு பெட்ரோல் பங்க்கில் டோனி ஒருவனைப் பார்க்கிறார். கும்பலைக் காட்டிக்கொடுத்துவிட்டு, அரசாங்கப் பாதுகாப்பில் பெயரை மாற்றிக்கொண்டு வாழ்கிறவன். இப்போது டிராவல் ஏஜென்ஸி வைத்திருக்கிறான். மனைவி, சின்னப் பெண் குழந்தை. மகள் காலேஜில் இன்டர்வியூவில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில், டோனி போய் அவனை வயரால் கழுத்தை நெரித்துக் கொல்கிறார்.

திரும்பி வருகிறார். மகள் காரில் ஏறுகிறாள். அப்பாவின் ஷூவில் சேறு. கையில் ரத்தக்காயம். என்ன ஆச்சு என்று கேட்கிறாள். ஏதோ ஒரு பொய். அவள் முகத்தைப் பார்த்தால், நம்பவில்லை என்று தெரிகிறது...

அந்த இடத்தில் கரன்ட் போய்விட்டது!

லேப்டாப்பில் சார்ஜ் இல்லை, வைஃபையும் இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் கூப்பிடு தூரத்தில் 1,500 மெகாவாட் மின் நிலையம். "விளக்கடியில இருட்டு" என்றாள் அக்கா, விசிறிக்கொண்டே. அந்த இருட்டில் என் மகள் கேட்டாள்.

"அப்பா, தாத்தா என்ன வேலை பார்த்தாரு?"

*

அதற்கு நான் சொன்ன பதிலைக் கடைசியில் சொல்கிறேன்.

அந்த எபிசோடைப் பற்றி ஒரு தகவல். கதாநாயகன் ஒருவனைத் தன் கையாலேயே கொல்வதாகக் காட்டினால் ஜனங்கள் வெறுத்துவிடுவார்கள் என்று சேனல் மேலிடம் பயந்ததாம். தொடரை உருவாக்கிய டேவிட் சேஸ் பிடிவாதமாக நின்று ஜெயித்தார். ஜனங்கள் வெறுக்கவில்லை. எழுத்துக்காக அந்த எபிசோடுக்கு எம்மி விருதே கிடைத்தது.

என்னை உறுத்தியது கொலை இல்லை. அதே எபிசோடில், டோனியின் மனைவி கார்மெலா வீட்டுக்கு வந்த பாதிரியாரிடம் பாவமன்னிப்புக் கேட்கிறாள். இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் என் குழந்தைகளுக்கு நல்ல வீடு, நல்ல ஸ்கூல் வேண்டும் என்பதற்காகப் பேசாமல் இருந்துவிட்டேன் என்று அழுகிறாள். மறுநாள் வழக்கம்போல் சமையல் நடக்கிறது.

இரண்டு வருஷம் கழித்து, 2001-ல் வந்த இன்னொரு எபிசோடில் அவள் ஒரு மனநல மருத்துவரைப் பார்க்கப் போகிறாள். அவர் சுற்றி வளைக்கவில்லை. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விடு என்கிறார். ஃபீஸும் வேண்டாம், அந்தப் பணத்தை நான் தொடமாட்டேன் என்கிறார். கார்மெலா என்ன செய்தாள்? மகள் படிக்கும் யுனிவர்சிட்டிக்குப் புருஷனிடமிருந்து 50,000 டாலர் நன்கொடை வாங்கிக் கொடுத்தாள். நம் ஊராக இருந்தால் உண்டியல்.

கேள்வி பழையதுதான். சம்பாதித்தவன் பாவத்தில், சாப்பிட்டவனுக்குப் பங்கு உண்டா?

நம்மிடம் இதற்கு ஒரு கதை இருக்கிறது. வால்மீகி முதலில் வழிப்பறிக் கொள்ளைக்காரராக இருந்தார் என்று பாட்டிமார்கள் சொல்வார்கள். (வால்மீகி ராமாயணத்தில் கிடையாது. பின்னால் சேர்ந்த கதை.) நாரதர் வந்து, 'நீ செய்கிற பாவத்தில் உன் வீட்டார் பங்கு எடுத்துக்கொள்வார்களா, கேட்டுக்கொண்டு வா' என்று அனுப்புகிறார். போய்க் கேட்டால் மனைவி கையை விரித்துவிட்டாள். சோறு போடுவது உன் கடமை, எப்படிச் சம்பாதித்தாய் என்பது உன் பாடு! திருடன் மனம் உடைந்து ரிஷி ஆனான்.

கதை அவனோடு போய்விட்டது. அந்த வீட்டில் மிச்சமிருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

கேட்டது தமிழ் சினிமா. 1987-ல் வந்த 'நாயகன்'. பம்பாய் வி.டி. ஸ்டேஷனில் போர்ட்டராக ஆரம்பித்து அந்த நகரத்தையே ஆட்டிவைத்த வரதராஜ முதலியாரின் வாழ்க்கையை வைத்துப் பின்னிய கதை. அதில் வேலு நாயக்கரின் மகள் சாருமதி, படித்துவிட்டு வந்து அப்பாவுக்கு எதிரில் நிற்கிறாள். கணக்குக் கேட்கிறாள். பதில் சரியில்லை என்றதும் வீட்டை விட்டுப் போய்விடுகிறாள். மெடோ செய்யாததை, கார்மெலாவால் முடியாததை சாரு செய்தாள்.

ஆனால் தியேட்டரில் நாம் யாருக்குக் கை தட்டினோம்? நாயக்கருக்குத்தான். நாலு பேருக்கு நல்லது என்றால் எதுவும் தப்பில்லை என்கிற அந்த நியாயத்துக்கு விசில் பறந்தது. நானும் அடித்தேன். அந்த நாலு பேரில் நானும் ஒருவன் என்று நினைத்துக்கொள்வது சுகமாக இருக்கிறது. ஐந்தாவது ஆள் யார் என்று யோசிக்கத் தோன்றுவதில்லை.

*

நான் பி.காம். படித்தவன். தத்துவம் எல்லாம் தெரியாது. ஆனால் இந்தக் கேள்விக்கு, நான் பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணிய ஒரு சட்டத்தில் பதில் இருக்கிறது. இந்தியப் பார்ட்னர்ஷிப் சட்டம், 1932. பிரிவு 30.

மைனர் பையனைப் பார்ட்னராகச் சேர்க்க முடியாது. ஆனால் மற்ற பார்ட்னர்கள் எல்லோரும் சம்மதித்தால், லாபத்தில் பங்கு கொடுக்கலாம். லாபம் உண்டு. நஷ்டம் வந்தால் தொழிலில் இருக்கிற அவன் பங்கு வரைக்கும்தான் போகும், சொந்தப் பொறுப்பு கிடையாது. குழந்தை சாப்பிட்டது, அவ்வளவுதான். சட்டம் அதைத் தண்டிக்காது.

அதே சட்டம் அந்தப் பையனுக்கு ஒரு உரிமையும் கொடுக்கிறது. கணக்குப் புத்தகத்தை வாங்கிப் பார்க்கலாம், நகல் எடுத்துக்கொள்ளலாம். அதாவது, 'அப்பா, இந்தக் காசு எங்கேர்ந்து வருது?' என்று கேட்கும் உரிமை!

அடுத்ததுதான் முக்கியம். அவன் மேஜர் ஆன நாள், அல்லது தனக்குப் பங்கு இருக்கிறது என்று தெரிந்த நாள், இதில் எது பிந்தியதோ அன்றிலிருந்து ஆறு மாதம் டைம். அதற்குள், நான் பார்ட்னர், அல்லது நான் பார்ட்னர் இல்லை என்று பகிரங்கமாக அறிவிக்க வேண்டும். ஒன்றுமே சொல்லாமல் இருந்துவிட்டால்? ஆறு மாதம் முடிந்ததும் பார்ட்னர் ஆகிவிடுகிறான். எதிலும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. மௌனமே போதும்.

அது மட்டுமில்லை. அப்படிப் பார்ட்னர் ஆனால், ஆன தேதியிலிருந்து மட்டும் பொறுப்பு என்று நினைத்துவிடாதீர்கள். முதன்முதலில் லாபம் சாப்பிட ஆரம்பித்த நாளிலிருந்து உள்ள எல்லா வரவு செலவுக்கும், வெளியாருக்கு அவன் பொறுப்பு. குழந்தையாக இருந்தபோது சாப்பிட்டதும் கணக்கில் ஏறிவிடும்.

'எனக்குத் தெரியவே தெரியாது' என்று தப்பிக்கலாமா? முடியாது. ஆறு மாதம் தாண்டியும் தெரியாமலிருந்தது என்று வாதாடுகிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும்.

(திருட்டுத் தொழிலுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று எனக்கும் தெரியும். வக்கீல் நண்பர்கள் போன் செய்ய வேண்டாம்.)

வால்மீகியின் மனைவிக்கு இந்தச் சட்டம் தெரிந்திருந்தால் அவ்வளவு தைரியமாகக் கையை விரித்திருக்கமாட்டாள். சாப்பிட்டது குற்றமில்லை. தெரிந்த நாளிலிருந்து கடிகாரம் ஓடுகிறது. பேசாமல் இருந்தால் அதுவும் ஒரு பதில்தான்.

*

இப்போது தாத்தா கதை.

என் அப்பாவின் வேலை எண்ணுவது. துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணி நோட்டில் எழுத வேண்டும். எந்த கம்பெனிக்கு என்பது வேண்டாம். சம்பளம் எண்ணுவதற்கு. மேல் வரும்படி, சில மூட்டைகளை எண்ணாமல் விடுவதற்கு.

திருவொற்றியூரில் குடியிருந்தோம். சின்ன வயசில் எங்கள் வீட்டில் பானசோனிக் டேப் ரெக்கார்டர் இருந்தது. அப்பா கையில் ஸீக்கோ வாட்ச். தெருவில் வேறு யார் வீட்டிலும் இல்லை. அப்பா கெட்டிக்காரர் என்று நினைத்துக்கொண்டேன். அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் வடிவுடையம்மன் கோயிலுக்குப் போய் உண்டியலில் போடுவாள். எதற்கு அவ்வளவு போடுகிறாள் என்று அப்போது புரியவில்லை.

1998 ஜூன். எனக்குப் பதினெட்டு முடிந்து சில வாரம். ஒரு ராத்திரி யாரோ ஒருவர் மஞ்சள் பையோடு வந்துவிட்டுப் போனார். அப்பா பையை என்னிடம் தள்ளினார். "காமர்ஸ் படிக்கிறவன்தானே, எண்ணு பார்ப்போம்."

எண்ணினேன். ஆறாயிரம். அப்பாவின் மாதச் சம்பளத்தைவிட அதிகம் என்று எனக்குத் தெரியும். ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்தேன். அதிலிருந்து ஒரு பகுதியை அப்பா என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். காலேஜ் ஃபீஸ். அம்மா தட்டு வைத்துவிட்டு, "சாப்பிடற நேரத்துல என்ன கணக்கு" என்றாள்.

அன்றைக்கு என் கடிகாரம் ஓட ஆரம்பித்தது.

நாலாவது மாதம், அக்டோபரில், மூட்டை குறைகிறது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். பழி விழுந்தது ஒரு கூலித் தொழிலாளி மேல். எங்கள் தெருக்காரர். தினக்கூலிதான், அதனால் விசாரணை கிசாரணை ஒன்றும் இல்லை. நாளையிலிருந்து வராதே என்றார்கள், முடிந்தது. அவர் பையன் என்னோடு பிளஸ் டூ வரை ஒரே பெஞ்ச். என்னோடு அவனும் காலேஜில் சேர்ந்திருந்தான். தீபாவளிக்கு அப்புறம் அவன் வரவில்லை.

எனக்குக் கெடு முடிய இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

நான் வாயைத் திறக்கவில்லை. டிசம்பர் வந்தது, போனது.

அப்பா நல்லவர். இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். எனக்கு டைபாய்டு வந்தபோது ஏழு ராத்திரி தூங்காமல் உட்கார்ந்திருந்தவர். டோனி சொப்ரானோ மகள் மேல் வைத்த பாசம் பொய்யில்லை. என் அப்பாவுடையதும் அப்படித்தான். அந்தப் பாசத்தைக் காட்டித்தான் நாம் கணக்கை மூடிவிடுகிறோம். எங்களுக்காகத்தானே செய்தார் என்கிறோம். அது உண்மை. உண்மை என்பதால்தான் கணக்கில் என் பெயரும் இருக்கிறது.

அப்பா ரிட்டயர் ஆனபோது வல்லூரில் ஒரு கிரவுண்டு வாங்கிப் போட்டார். அவர் போய் ஒன்பது வருஷமாகிறது. அதில்தான் அக்கா வீடு கட்டியிருக்கிறாள். அந்த வீட்டில் உட்கார்ந்துதான் மாஃபியாக்காரன் கதையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

*

மறுநாள் காலை மொட்டை மாடியில் அக்கா காய்ந்த துணிகளை எடுத்தாள். ஒவ்வொன்றையும் இரண்டு தரம் உதறினாள். மெல்லிய சாம்பல் தூள் பறந்தது.

"இதெல்லாம் தெரிஞ்சுமா அத்தை இங்க இருக்கீங்க?" என்று மகள் கேட்டாள்.

அக்கா சிரித்தாள். "நீ உங்க வீட்ல ராத்திரி பூரா ஏ.சி. போட்டுக்கிட்டுத் தூங்கறியே, அது எங்கேர்ந்து வருதுன்னு நினைச்சே?"

இந்த மின் நிலையமும் ஒரு பார்ட்னர்ஷிப்தான். மத்திய அரசின் என்.டி.பி.சி.யும் தமிழ்நாட்டு மின்துறையும் கூட்டுச் சேர்ந்து நடத்துவது. 500 மெகாவாட்டில் மூன்று யூனிட். பக்கத்திலேயே வடசென்னை அனல் மின் நிலையம். 2001-ல் திறந்த எண்ணூர் துறைமுகத்தில் (இப்போது காமராஜர் துறைமுகம்) நிலக்கரி வந்து இறங்குகிறது. இந்திய நிலக்கரியை எரித்தால் 30 முதல் 40 சதவிகிதம் சாம்பல் மிஞ்சும். அந்தச் சாம்பல் எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும்? கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் சாம்பல் படிந்து, இறாலும் நண்டும் பிடித்துப் பிழைத்தவர்கள் தவித்த கதை பசுமைத் தீர்ப்பாயம் வரை போன வழக்கு. போதாததற்கு 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் கழிமுகத்தில் வந்து சேர்ந்தது.

அந்த மீனவர்தான் ஐந்தாவது ஆள்.

இதில் வில்லன் யார்? கோட்டு சூட்டு போட்ட டோனி யாரும் இல்லை. ஸ்விட்ச் போடுகிற நானும் நீங்களும் இருக்கிறோம். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016-ல் அறிவித்தபோது நான் சந்தோஷப்பட்டேன். இன்றைக்கும் அந்தக் கழிவு பில்லில் இருக்கிறதா என்று பார்க்கத் தவறுவதில்லை. பில்லின் இன்னொரு பாதி, அக்கா உதறுகிற துணியிலும், வலையில் நண்டுக்குப் பதில் சேறு வருகிறவர் வீட்டிலும் இருக்கிறது. அது நம் கைக்கு வருவதில்லை. அதனால் கட்டாமல் இருக்கிறோம்.

அப்படியானால் என்ன செய்வது? கரன்ட்டை நிறுத்திவிட்டு அரிக்கேன் விளக்கு ஏற்றுவதா? அப்பா வாங்கிய மனையை விட்டு அக்கா தெருவில் நிற்பதா? நியாயமான கேள்வி. அந்த மனநல மருத்துவரின் பதில் சுத்தமானது, ஆனால் அவருக்குப் போக ஒரு இடம் இருந்தது. நம்மில் பெரும்பாலோருக்கு எல்லாவற்றையும் விட்டு வெளியேற முடியாது. சாருமதி மாதிரி கதவைச் சாத்திக்கொண்டு போனாலும், அப்பா காசில் படித்த படிப்பு கூடவே வரும்.

எனக்குத் தெரிந்த பதில் மறுபடியும் பி.காம். பதில்தான். பார்ட்னர் ஆகிவிட்டோம். ஆகவில்லை என்று நடிப்பதை முதலில் நிறுத்தலாம். அடுத்தது, பார்ட்னருக்குக் கடன் உண்டு. உண்டியலில் போட்டால் அது தீராது. கடன் கொடுத்தவர் அம்மன் இல்லை. கார்மெலா யுனிவர்சிட்டிக்குக் கொடுத்தாள், என் அம்மா கோயிலுக்குக் கொடுத்தாள். இரண்டு பேருமே கொடுக்க வேண்டிய வீட்டுக்குக் கொடுக்கவில்லை. நஷ்டப்பட்டவனுக்கு முகமும் விலாசமும் இருக்கிறது. அங்கேதான் போக வேண்டும். ஆற்றைச் சுத்தம் பண்ணு, மீனவருக்கு நஷ்டஈடு கொடு என்று யாராவது கேட்டால், அதற்காக யூனிட்டுக்கு நாலு காசு கூடினாலும் முகம் சுளிக்காமல் கட்டுவது அதில் ஒரு தவணை.

*

அந்த ராத்திரி இருட்டில் மகளுக்கு என்ன பதில் சொன்னேன்?

முதலில் டோனி மாதிரிதான். "ஹார்பர்ல கிளார்க்" என்றேன். கொஞ்ச நேரம் விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அக்கா ஒன்றும் பேசவில்லை. அப்புறம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மஞ்சள் பை, ஆறாயிரம், ரப்பர் பேண்ட், அக்டோபர்.

மகள் தாத்தாவைத் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அந்த ஃப்ரெண்டு இப்ப எங்கப்பா இருக்காரு?"

எனக்குத் தெரியும். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். திருவொற்றியூர் தேரடி பக்கம் பார்த்தால், "ஏறுடா" என்று கூப்பிட்டு முன் ஸீட்டில் உட்காரவைப்பான். காசு கொடுத்தால் வாங்கமாட்டான். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் அவன் ஆட்டோவில் ஓசியில் போய்க்கொண்டிருக்கிறேன்.

அந்தச் சட்டத்தில் இன்னொரு பிரிவு உண்டு. 72. பகிரங்க அறிவிப்பு என்றால் எப்படிச் செய்ய வேண்டும் என்று அதில் சொல்லியிருக்கிறது. அரசு கெஜட்டிலும், அந்த மாவட்டத்தில் விற்பனையாகும் தாய்மொழிப் பத்திரிகை ஒன்றிலாவதும் வெளியிட வேண்டும். கெஜட்டில் என்னைப் போடமாட்டார்கள். இந்தப் பத்திரிகை திருவொற்றியூர் பெட்டிக்கடைகளில் கிடைக்கும்.

ஆனால் அவனுக்குப் பத்திரிகை படிக்கிற பழக்கம் கிடையாது. எழுதியதோடு வேலை முடிந்தது என்று நான் நினைத்துக்கொள்ள முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தேரடியில் சவாரி குறைவாக இருக்கும். மகளும் வருகிறேன் என்கிறாள்.